அலிப்பூரின் எண், ஹவுராவின் இரவு

கொல்கத்தாவின் அலிப்பூர் வானிலை நிலைய ஏடுகளில் மிகச் சூடான நாளாக நிற்பது 1924 ஜூன் மாதத்து நாள் ஒன்று. அன்று வெப்பநிலை ஏறக்குறைய 44 டிகிரி செல்சியஸ். 2024 ஏப்ரல் 30 அன்று தென்வங்கமே கொதித்தது. மேற்கே கலைகுண்டாவில் 47.2 டிகிரி பதிவானது. அன்றுகூட அலிப்பூரின் அளவு 43.0 டிகிரியோடு நின்றுவிட்டது. நூறாண்டுப் பழைய உச்சம் இன்னும் முறியவில்லை. புவி சூடாகிறது என்பதை நம்ப மறுப்பவர்களுக்கு இதைவிட வசதியான சான்று கிடைப்பது அரிது.

இதே நகரத்தைப் பற்றித்தான் 2021 ஆகஸ்டில் நாளேடுகள் வேறொரு செய்தியை வெளியிட்டன. பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கையின் முதல் பகுதி வந்த மாதம் அது. 1950க்கும் 2018க்கும் இடையில் கணக்கில் எடுக்கப்பட்ட பெருநகரங்களில் மிக அதிகமாகச் சூடேறியது கொல்கத்தா என்றும், ஏற்றம் 2.6 டிகிரி என்றும், அதற்கு அடுத்த இடம் 2.3 டிகிரியோடு டெஹ்ரானுக்கு என்றும் செய்திகள் வந்தன. அதற்கு ஓராண்டு முன்பு, 2020இல், இந்தியப் புவி அறிவியல் அமைச்சகம் தன் முதல் பருவநிலை மதிப்பீட்டை வெளியிட்டிருந்தது. 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி உயர்ந்திருக்கிறது என்றது அது.

ஏற்றமே இல்லை, 0.7 டிகிரி, 2.6 டிகிரி என்று மூன்று விடைகள். மூன்றில் எதுவும் பொய்யில்லை. முதலாவது ஒரே ஒரு பகலைப் பற்றியது. இரண்டாவது, ராஜஸ்தான் மணலையும் கேரள மழைக்காட்டையும் கங்கைச் சமவெளியையும் ஒன்றாகக் கலந்து எடுத்த சராசரி. மூன்றாவது, சுற்றுவட்டாரம் சூடானதோடு நகரம் தன் கட்டடங்களாலும் சாலைகளாலும் தனக்கென்று கூட்டிக்கொண்ட சூட்டையும் சேர்த்துச் சொல்வது. ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், ஹவுராவில், ஒற்றை அறை வீட்டில் வாழும் ஒரு குடும்பம் இந்த மூன்றில் எந்த எண்ணுக்குள் வாழ்கிறது? எந்த எண்ணுக்குள்ளும் இல்லை என்பதே என் முடிவு. அங்கே நடந்த மாற்றத்தின் கனமான பகுதி இரவுகளில் நடந்திருக்கிறது. ஆண்டுச் சராசரி என்ற அளவுகோல், அதன் கணக்கு முறையாலேயே, அந்தப் பகுதியைக் கரைத்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் பலருக்கு ஹவுரா என்பது சென்ட்ரல் நிலையத்தில் காணும் ரயில் பெயர்ப்பலகையின் மறுமுனை. ஹவுரா மெயிலில் போய் இறங்கியவர்களில் பெரும்பாலோர் பாலத்தைக் கடந்து கொல்கத்தாவுக்குப் போய்விடுவார்கள். பின்னால் விட்டுப்போகும் ஊரில் 2011 கணக்கெடுப்பின்படி பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இருந்தார்கள். வார்ப்பட ஆலைகளுக்காக ஒரு காலத்தில் இந்தியாவின் ஷெஃபீல்டு என்று பெயர் எடுத்த ஊர் அது. பெலிலியஸ் சாலையின் பட்டறைகள், லிலுவாவின் ரயில் பணிமனை, ஆற்றங்கரைச் சணல் ஆலைகள், டிக்கியாபாராவிலும் பில்கானாவிலும் தோளோடு தோள் உரசும் தகரக் கூரைகளும் ஓட்டுக் கூரைகளும். நூறாண்டைத் தாண்டிய வெப்பநிலைத் தொடரோ ஆற்றின் கிழக்குப் பக்கம், அலிப்பூரில் இருக்கிறது. விலங்குக் காட்சிசாலை, தேசிய நூலகம், தோட்டக்கலைச் சங்கம் என்று மரமடர்ந்த பெரிய வளாகங்கள் கொண்ட பகுதி அது. வட்டாரத்தின் நெடுங்காலப் போக்கைப் படிக்க அலிப்பூர் நல்ல இடம்தான். பில்கானா வீட்டின் இரவைச் சொல்ல அது போதாது.

அளவெடுத்தவர்கள்

எண்களை நம்புவதற்கு முன் அவை எப்படிப் பிறந்தன என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் முறையான வானிலைக் குறிப்புகளின் தொடக்கம் கொல்கத்தாவையும் சென்னையையும் மாறி மாறித் தொடுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலையங்கள் கொல்கத்தாவில் 1785இலும் சென்னையில் 1796இலும் அமைந்ததாக வானிலைத் துறையின் வரலாறு கூறுகிறது. அதற்கும் முன்பே, 1770களில், வில்லியம் ராக்ஸ்பர்க் என்ற இளம் மருத்துவர் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் வெப்பமானியையும் காற்றழுத்தமானியையும் பார்த்து நாட்குறிப்பு எழுதி வந்தார். அது லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் அச்சானது. அதே ராக்ஸ்பர்க் 1793இல் ஹவுராவின் சிப்பூருக்கு, ராபர்ட் கிட் 1787இல் தொடங்கிய தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளராகப் போனார். இந்தியத் தாவரவியலின் தந்தை என்று இன்று அவரைப் போற்றுகிறார்கள். வானிலையை நாள் தவறாமல் எழுதிவைத்த பழக்கமும் அதே அளவு போற்றத்தக்கது என்பேன்.

கொல்கத்தாப் பதிவுகளுக்கு ஒழுங்கு தந்தவர் ராதாநாத் சிக்தார். எவரெஸ்டின் உயரத்தைக் கணக்கிட்டவர் என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்தவர் இவர்தான். நில அளவைத் துறையின் தலைமைக் கணக்காளரான அவர் 1852 முதல் கொல்கத்தா வானிலைப் பதிவுகளின் பொறுப்பையும் ஏற்று, 1862இல் ஓய்வு பெறும்வரை பார்த்துக்கொண்டார். காற்றழுத்தமானியில் உள்ள பாதரசமும் சூட்டில் விரிவடையும். ஆகவே 40 டிகிரியில் படித்த அழுத்தத்தையும் 20 டிகிரியில் படித்த அழுத்தத்தையும் அப்படியே ஒப்பிட முடியாது. எல்லா அளவுகளையும் நீர் உறையும் வெப்பநிலைக்கு மாற்றிப் பார்க்கும் சூத்திரத்தை அவரே வகுத்துக்கொண்டார். கருவி சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், கருவியின் இயல்பைக் கழித்துவிட்டுக் காற்றின் இயல்பை மட்டும் எடுத்தெழுதிய அந்தக் கவனம் இந்தத் துறையின் அடித்தளம். இன்றைய பருவநிலை அறிவியலாளர்கள் பழைய தொடர்களைச் சீராக்கும்போது செய்வதும் அதே வேலை.

பிறகு வந்தது பேரிடர். 1864 அக்டோபர் 5 அன்று கொல்கத்தாவைத் தாக்கிய புயல் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. சிப்பூர் தோட்டத்தின் மரங்கள் சாய்ந்தன, அங்குள்ள பெரிய ஆலமரமும் சேதமுற்றது. அதன்பின் 1866இலும் 1871இலும் பருவமழை பொய்த்தது. இந்த அடிகளுக்குப் பிறகே 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு, ஹென்றி பிளான்ஃபோர்டின் பொறுப்பில் பிறந்தது. 1877இல் நில அளவை அலுவலகத்திலிருந்து அலிப்பூருக்கு அளவீடு மாறியது. தலைமையிடம் பின்னாளில் சிம்லா, புனே, டெல்லி என்று இடம்பெயர்ந்துவிட்டாலும் அலிப்பூர் நிலையம் அங்கேயே தொடர்கிறது.

இந்தத் தொடரிலும் தையல்கள் உண்டு. தொடக்க காலத்தில் வெப்பமானிகள் பக்கங்கள் திறந்த ஓலைக் கொட்டகையின் நிழலில் தொங்கின. இருபதாம் நூற்றாண்டில் அவை ஸ்டீவன்சன் பெட்டி எனப்படும், சட்டங்கள் வைத்த வெள்ளை மரப்பெட்டிக்குள் போயின. கொட்டகைக்கும் பெட்டிக்கும் இடையில் அளவு சிறிது மாறும். நிலையம் இடம் மாறினால் மாறும். காலையில் எத்தனை மணிக்குப் படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் மாறும். அரை டிகிரி ஏற்றத்தைத் தேடும் ஆய்வாளர் இத்தகைய கால் டிகிரி நெளிவுகளை எல்லாம் முதலில் நீவி எடுக்க வேண்டும். இதைக் காட்டி, பழைய பதிவுகளை நம்ப முடியாது என்று சிலர் வாதிடுவதுண்டு. நான் அதை ஏற்கவில்லை. நெளிவு எங்கே இருக்கிறது என்று தெரிந்த தொடர், நெளிவே இல்லை என்று நடிக்கும் தொடரைவிட நம்பகமானது.

சராசரியின் கணக்கு

ஒரு நாளின் அதிகபட்ச வெப்பநிலையையும் குறைந்தபட்ச வெப்பநிலையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் அந்த நாளின் சராசரி. இப்படிக் கிடைக்கும் 365 எண்களின் சராசரியே ஆண்டுச் சராசரி. கொல்கத்தாவுக்கு அது 27 டிகிரியை ஒட்டி வரும்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குளிர்காலத்தின் 90 இரவுகளில் குறைந்தபட்ச வெப்பநிலை 2 டிகிரி உயர்கிறது, மற்றபடி ஆண்டு முழுவதும் எந்த மாற்றமும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு டிகிரி என்பது சின்ன மாற்றம் இல்லை. போர்வையின் தேவையே மாறிவிடும், கொசுவின் ஆயுள் மாறும், பயிர் முதிரும் நாள் மாறும். ஆனால் அந்த 90 நாள்களின் அன்றாடச் சராசரி ஒரு டிகிரிதான் உயரும். அதை 365 நாளுக்குப் பரப்பினால் ஆண்டுச் சராசரியில் கிடைப்பது கால் டிகிரி.

இன்னொன்று. அதே 90 நாள்களில் புகைமூட்டம் வெயிலை மறைத்துப் பகல் உச்சத்தை ஒரு டிகிரி குறைக்கிறது, நகரத்தின் சூடு இரவை ஒரு டிகிரி ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுச் சராசரியில் மாற்றம் சுழி. வரைபடத்தில் நேர்கோடு. பகலும் இரவும் ஒன்றை ஒன்று நெருங்கிவிட்ட ஊரில் மக்கள் வாழ்ந்துகொண்டிருப்பார்கள், ஏட்டில் அங்கே எதுவும் நடந்திருக்காது.

இரவுக் குளிரை வெப்பமானி இல்லாமலே அறிந்தவர்கள் வங்கத்தில் உண்டு. குளிர்காலத்தில் ஈச்சமரம் சீவிச் சாறு இறக்கும் சியூலிகள் அவர்கள். நம் பக்கம் பனையேறிகள் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுவதுபோல, அவர்கள் ஈச்சஞ்சாற்றைக் காய்ச்சி நோலென் குட் என்னும் வெல்லம் எடுக்கிறார்கள். பௌஷ மாதத்தின் இனிப்புகள் எல்லாம் அதை நம்பியே இருக்கின்றன. இரவு நன்றாகக் குளிர்ந்தால்தான் சாறு தெளிவாகவும் தாராளமாகவும் இறங்கும். இரவு சூடானால் பானைக்குள்ளேயே புளிக்கத் தொடங்கிவிடும். பகல் எவ்வளவு காய்ந்தது என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம். ஆண்டுச் சராசரி அவர்களுக்கு எதையுமே சொல்லாது. குளிர் தாமதமாக வந்து சீக்கிரம் கிளம்பிவிடுகிறது என்ற அவர்களுடைய குறையை நான் வெறும் புலம்பலாகப் பார்க்கவில்லை. அது குறைந்தபட்ச வெப்பநிலையைப் பற்றிய களச் சாட்சியம்.

இங்கே என் வாதத்துக்கு எதிராக நிற்கும் ஒரு தகவலை மறைக்கக் கூடாது. இந்தியா முழுவதற்குமான நூற்றாண்டுத் தொடரில் இரவைவிடப் பகலே வேகமாகச் சூடேறியிருக்கிறது. வானிலை ஆய்வுத் துறை 2020ஆம் ஆண்டு நிலவரத்தைத் தொகுத்தபோது, 1901 முதல் பார்த்தால் நூறாண்டுக்கு 0.62 டிகிரி வீதம் சராசரி உயர்வதாகவும், பகல் உச்சம் 0.99 டிகிரி வீதமும் இரவுக் குறைந்தபட்சம் 0.24 டிகிரி வீதமும் ஏறுவதாகவும் சொன்னது. உலகின் பல நிலப்பகுதிகளில் இரவே முந்துகிறது. இந்தியா இதில் வேறுபடுகிறது. அப்படியிருக்க, ஹவுராவில் மட்டும் இரவைப் பற்றி ஏன் பேச வேண்டும்?

நாட்டின் தொடரில் பெரும்பகுதி வயல், காடு, பாலை, சிற்றூர். அடர்ந்த நகரத்தின் நடத்தை வேறு. மேலும் அண்மைக்காலம் நூற்றாண்டுச் சராசரியைப் போல இல்லை. 2024 ஏப்ரலில் கிழக்கு, வடகிழக்கு இந்தியாவின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை 22 டிகிரியைத் தொட்டது. 1901க்குப் பிந்தைய ஏப்ரல்களில் அதுதான் மிக அதிகம். எல்லோரும் பேசியது அம்மாதக் கடைசி நாளின் 43 டிகிரியைப் பற்றி. அதைவிட ஆழமான செய்தி அந்த இரவுகளில் இருந்தது.

நிலக்கரியின் இரட்டை வேலை

கங்கைச் சமவெளி கடந்த எழுபது ஆண்டுகளில் சுற்றியுள்ள நிலங்களைவிட மெதுவாகவே சூடேறியது. இதற்கு ஆய்வாளர்கள் இரண்டு காரணங்களைச் சொல்கிறார்கள். ஒன்று பாசனம். நிலத்தடி நீரை இறைத்துப் பயிரிடும் போரோ நெல் போன்ற கோடை வெள்ளாமைகள் பரவியபோது, சூரிய வெப்பத்தின் ஒரு பகுதி காற்றைச் சுடாமல் நீரை ஆவியாக்குவதில் செலவானது. மற்றொன்று புகை.

புகையின் கதை ஹவுராவில் தொடங்குகிறது என்றே சொல்லலாம். 1854 ஆகஸ்ட் 15 அன்று ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு முதல் ரயில் ஓடியது. அடுத்த ஆண்டு பிப்ரவரியிலேயே பாதை ராணிகஞ்ச் வரை நீண்டது. காரணம் பயணிகள் அல்ல, நிலக்கரி. 1774 முதல் தோண்டப்பட்டு வந்த ராணிகஞ்ச் நிலக்கரி, அதுவரை தாமோதர் ஆற்றில் வெள்ளம் வரும் காலத்துக்காகக் காத்திருந்து படகில் வந்தது. ரயில் வந்ததும் அது ஆண்டு முழுவதும் ஹவுராவில் வந்து இறங்கியது. ஆலைகள், நீராவிக் கப்பல்கள், வார்ப்பட உலைகள், வீட்டு அடுப்புகள் என்று அத்தனையும் அதை எரித்தன. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் அந்தக் கரையின் வானம் கரியால் மூடிக் கிடந்தது.

எரிந்த கரி இரண்டு வேலைகளைச் செய்தது. கரியமில வாயு உலகக் காற்றில் கலந்து எல்லோருக்குமான சூட்டை ஏற்றியது. கந்தகத் துகள்களும் கரித்தூளும் உள்ளூரின் மேலே மிதந்து வெயிலைத் தடுத்தன. 1999இல் நடந்த இந்தியப் பெருங்கடல் ஆய்வுத் திட்டம் இதைக் கண்முன் கொண்டுவந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்திரன் ராமநாதன். தெற்காசியாவின் மேலும் வட இந்தியப் பெருங்கடலின் மேலும் பழுப்பு நிறப் புகைப்போர்வை ஒன்று படர்ந்திருப்பதையும், கீழே வந்து சேரும் வெயிலை அது கணிசமாகக் குறைப்பதையும் அந்தத் திட்டம் அளந்து காட்டியது.

1924இன் பகல் உச்சம் ஏன் இன்னும் முறியவில்லை என்பதற்கான விடையில் ஒரு பங்கு இங்கே இருக்கிறது. ஒற்றை நாளின் உச்சம் என்பது காற்றின் திசை, வறட்சி, மேகம் எல்லாம் ஒருசேர வாய்த்த தற்செயலும்கூட. மேற்கிலிருந்து சோட்டா நாக்பூர் மேட்டுநிலத்தின் வறண்ட காற்று வீசி, வங்கக் கடலின் ஈரத் தென்காற்று அடங்கி, கால்பைசாகி இடிமழையும் வராமல் போனால் வெப்பநிலை எகிறும். 2024 ஏப்ரலில் அப்படித்தான் நடந்தது. அந்த வாய்ப்புகள் ஒருசேர அமையும் நாளில் புகைமூட்டமும் இருந்தால் உச்சம் சற்றே மட்டுப்படும்.

துகள்கள் காற்றில் சில நாள்களோ சில வாரங்களோதான் தங்கும், மழை கழுவிவிடும். கரியமில வாயுவின் கணிசமான பகுதி நூற்றாண்டுகளுக்குத் தங்கும். 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் நகரப் பட்டியலில் கொல்கத்தா, ஹவுரா, ராணிகஞ்ச் மூன்றும் இருக்கின்றன. அந்தத் திட்டம் வெற்றி பெற வேண்டும். நுரையீரல்களுக்கு அது உடனடித் தேவை. ஆனால் காற்று தெளியத் தெளிய, இதுவரை மறைந்திருந்த சூட்டின் ஒரு பகுதி பகலில் வெளிப்படும் என்பதையும் இப்போதே எண்ணித் திட்டமிட வேண்டும். புகையைக் குடையாக வைத்துக்கொள்வோம் என்பது விடையாகாது. அந்தக் குடை மூச்சை அடைக்கிறது.

குளம் செய்யும் வேலை

நகரத்தின் சூடு இரவில்தான் தெளிவாகத் தெரியும். பகலில் காரையும் தாரும் செங்கல்லும் வெப்பத்தை வாங்கிச் சேமித்துக்கொள்கின்றன. சூரியன் மறைந்ததும் வயல்வெளி தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு மளமளவென்று குளிரும். சந்துக்குள் சுவரும் சுவரும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்பதால் ஒன்று விடும் வெப்பத்தை மற்றது வாங்கும், வானம் கீற்றாகத்தான் தெரியும். அதோடு வண்டிகளின் சூடு, உலைகளின் சூடு, குளிர்சாதன (ஏ.சி.) பெட்டிகள் வெளியே தள்ளும் சூடு. கொல்கத்தாவையும் ஹவுராவையும் இன்னொன்றும் வாட்டுகிறது. அது ஈரப்பதம். நீராவி இரவில் வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும் போர்வை. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்க முடியும். வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரை சுமார் ஒரு டிகிரி சூடாகியிருக்கிறது. அந்த ஈரமும் வங்கத்தின் இரவுகளை வந்தடைகிறது.

இதற்கு எதிராக வேலை செய்து வந்தவை குளங்கள். தென்வங்கத்தில் வீட்டுக்கு வீடு, தெருவுக்குத் தெரு புகூர் எனப்படும் சிறு குளங்கள் உண்டு. அவை செய்யும் வேலையைக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஆயிரம் சதுர மீட்டர், அதாவது கால் ஏக்கர் அளவுள்ள ஒரு குளத்திலிருந்து கோடை நாளில் 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்று கொள்வோம். அது 5,000 லிட்டர். அவ்வளவு நீரை ஆவியாக்கத் தேவைப்படும் வெப்பம் மின்சாரக் கணக்கில் ஏறக்குறைய 3,400 யூனிட். ஒன்றரை டன் குளிர்சாதனப் பெட்டி ஒன்று நாள் முழுக்க ஓடினால் அறையிலிருந்து சுமார் 126 யூனிட் வெப்பத்தை வெளியேற்றும். ஆக, ஒரு சிறு குளம் 27 குளிர்சாதனப் பெட்டிகள் இரவுபகலாக வெளியேற்றும் வெப்பத்துக்கு ஈடானதை விழுங்குகிறது. பெட்டி அந்த வெப்பத்தைத் தெருவிலேயே கொட்டும். குளமோ அதை நீராவிக்குள் பூட்டி மேலே அனுப்புகிறது. காற்றில் ஈரத்தைச் சற்றுக் கூட்டும் என்பது அதன் குறை. ஆழமான நீர் இரவில் மெதுவாகவே குளிரும் என்பது இன்னொரு குறை. ஆனாலும் அந்தக் கால் ஏக்கரில் எழும் ஐந்து மாடிக் கட்டடத்தோடு ஒப்பிட்டால் எது ஊருக்கு நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை.

மேற்கு வங்கத்தின் உள்நாட்டு மீன்வளச் சட்டம் நீர்நிலைகளை நிரப்பத் தடை விதிக்கிறது. மீனுக்காக எழுதிய சட்டம் ஊரை வெப்பத்திலிருந்தும் காக்கும் சட்டமாக வாய்த்தது நல்ல விஷயம். என்றாலும் ஹவுராவில் இரவோடு இரவாகக் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் குளத்தைத் தூர்ப்பது பல ஆண்டுகளாகத் தொடரும் புகார். ஆற்றுக்கு அக்கரையிலும் நிலை நன்றாக இல்லை. இந்திய வன அளவையின் 2021 அறிக்கைப்படி பத்தாண்டுகளில் கொல்கத்தா நகரம் தன் வனப்பரப்பில் 30 விழுக்காட்டை இழந்திருந்தது. 2.5 சதுர கிலோமீட்டர் 1.8 சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது.

ஹவுராவில் ஒப்பிடுவதற்கு அருமையான இடம் ஒன்று இருக்கிறது. ராக்ஸ்பர்க் பணியாற்றிய அதே சிப்பூர் தோட்டம், இன்று ஜகதீஷ் சந்திர போஸின் பெயரோடு, 109 ஹெக்டேர் பசுமையாக ஆற்றங்கரையில் விரிந்து கிடக்கிறது. நடு அடிமரத்தை 1925இலேயே பூஞ்சை நோய்க்குப் பலிகொடுத்தும் விழுதுகளின் மேல் நிற்கும் பெரிய ஆலமரம் அங்கேதான் இருக்கிறது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் நகரப் பூங்காக்கள் சுற்றுப்புறத்தைவிடச் சராசரியாக ஒரு டிகிரி அளவுக்குக் குளிர்ந்திருக்கின்றன. தோட்டத்தில் ஒரு வெப்பமானி, சில கிலோமீட்டர் தள்ளி டிக்கியாபாரா சந்தில் ஒரு வெப்பமானி, இரண்டும் பத்தாண்டுக்கு இடைவிடாமல் ஓடினால் ஹவுராவுக்கென்று ஒரு தொடர் பிறக்கும். புவி முழுவதும் ஏறும் சூடு எவ்வளவு, ஊர் தானே கூட்டிக்கொண்டது எவ்வளவு என்று அந்த இரண்டு கோடுகளின் இடைவெளியே பிரித்துக் காட்டிவிடும்.

எச்சரிக்கைக்குள் வராத இரவு

மனித உடல் பகலில் வாங்கிய சூட்டை இரவில் இறக்கி வைக்கிறது. இரவும் சூடாக இருந்தால் இதயம் ஓய்வின்றி உழைக்கிறது, தூக்கம் கெடுகிறது, மறுநாள் உலை முன் நிற்கும் தொழிலாளி களைத்த உடலோடு வேலைக்குப் போகிறார். காற்று ஈரமாக இருந்தால் வியர்வை காயாது, வழியத்தான் செய்யும். சென்னையில் ஆனி மாதத்துப் புழுக்கத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையின்போது வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததை ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அந்த நகரம் 2013இல் வகுத்த வெப்பச் செயல்திட்டம் மற்ற நகரங்களுக்கு முன்மாதிரியானது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இவை எல்லாம் வேண்டிய நடவடிக்கைகள். ஆனால் இவற்றின் மையத்தில் இருப்பது பகல்.

வானிலைத் துறையின் விதிமுறையில் சூடான இரவு என்று ஒரு வகை உண்டு. அதை அறிவிக்க இரண்டு நிபந்தனைகள். குறைந்தபட்ச வெப்பநிலை இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். அதற்கு முன்னதாக, பகல் உச்சம் 40 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும். வறண்ட வட இந்தியச் சமவெளிக்கு இது பொருந்தும். ஹவுராவுக்குப் பொருந்தாது. ஜூலையில் அலிப்பூரின் குறைந்தபட்ச வெப்பநிலை இயல்பாகவே 26 டிகிரியை ஒட்டியிருக்கும். அதோடு 4.5 டிகிரியைக் கூட்டினால் 30 டிகிரியைத் தாண்டும். அது ஏறக்குறைய நடக்காத காரியம். பகல் உச்சமோ அந்த மாதத்தில் 32, 33 என்று நிற்கும். 40 டிகிரிக்கு அருகில்கூட வராது. தகரக் கூரைக்குக் கீழே நள்ளிரவில் காற்று அசையாமல், சட்டை உடலோடு ஒட்டிக்கிடக்கும் ஜூலை இரவு, விதிமுறையின்படி சாதாரண இரவு.

இயல்பு என்பதும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. வானிலைத் துறைகள் முப்பது ஆண்டுச் சராசரியை இயல்பாகக் கொண்டு, பத்தாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கின்றன. 1961–1990 என்பது 1981–2010 ஆகி, இப்போது 1991–2020 ஆகியிருக்கிறது. அன்றாட முன்னறிவிப்புக்கு இந்தப் புதுப்பித்தல் தேவைதான். எச்சரிக்கைக்கு அதே இயல்பை அடிப்படையாக வைத்தால், ஊர் சூடாகச் சூடாக எச்சரிக்கைக்கான படியும் உயர்ந்துகொண்டே போகும். உடல் எந்தச் சூட்டில் தளர்கிறதோ அது பத்தாண்டுக்கு ஒரு தரம் மாறுவதில்லை.

ஹவுரா போன்ற ஈரமான, நெரிசலான ஊர்களுக்கு வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ் வெப்பநிலையைக் கொண்டு, பகலின் நிபந்தனை இல்லாமல், இரவுக்கென்று தனி வரம்பு வகுக்க வேண்டும். அந்த வரம்பை அலிப்பூரின் புல்வெளியில் எடுத்த அளவைக் கொண்டு மட்டும் வகுக்கக் கூடாது. பில்கானாவிலும் சால்கியாவிலும் குசுரியிலும், ஆள்கள் படுத்துறங்கும் கூரைகளுக்கு அடியில், நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் இடையில் எடுத்த அளவுகள் வேண்டும். இதற்கான கருவி விலை அதிகமில்லாதது. சிப்பூரின் பொறியியல் கல்லூரி 1856இல் தொடங்கியது, இன்று தேசிய அளவிலான தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. தாவரவியல் தோட்டம் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அளப்பதற்கான இடமும் ஆளும் ஊருக்குள்ளேயே இருக்கும்போது, தொடரின் முதல் ஆண்டு எது என்பதை மாநகராட்சி முடிவு செய்ய வேண்டியதுதான் பாக்கி.